எல்எஸ் காட்டும் கூட்டல் குறிக்குப் பின்னால்: லினக்ஸில் ஏசிஎல் அனுமதிகள்

2021-இல் வந்த உபுண்டு 21.04 பதிப்பில், புதிதாகச் சேர்க்கப்படும் பயனரின் ஹோம் ஃபோல்டர் அனுமதி 755-இலிருந்து 750-ஆக மாறியது. வெகுகாலம் முன்பே செய்திருக்க வேண்டிய மாற்றம். அதுவரை ஒரே மெஷினைப் பகிரும் எவரும் அடுத்தவர் ஹோம் ஃபோல்டருக்குள் எட்டிப் பார்க்க முடிந்தது. ஆனால் வலைத்தளக் கோப்புகளை ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே வைத்துப் பழகியவர்களுக்கு இது வேறு விதமாக வந்து சேர்ந்தது. பழைய மெஷினில் ஓடிய அதே என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் அமைப்பு, அதே கோப்புகள். புது மெஷினிலோ அனுமதி இல்லை என்று சொல்லும் 403 பிழை.

தேடினால் முதலில் கிடைக்கும் பதில், எல்லாருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போடச் சொல்கிறது. அதைச் செய்தால் தளம் தெரியும், உண்மைதான். கூடவே அந்த மெஷினில் கணக்கு வைத்திருக்கும் எல்லாருக்கும், அங்கே ஓடும் ஒவ்வொரு சேவைக்கும், அந்தக் கோப்புகளைத் திருத்தவும் அழிக்கவும் உரிமை போய்விடும். வெப் சர்வர் என்ற ஒரே ஒரு கணக்குக்கு, ஒரே ஒரு ஃபோல்டரைக் கடந்து போக மட்டும் வழி விட வேண்டும். அவ்வளவுதான் தேவை. அதைச் செய்வதற்கென்றே இருப்பதுதான் அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல், சுருக்கமாக ஏசிஎல். பல சர்வர்களில் அது நிறுவப்பட்டும் தொடப்படாமல் கிடக்கிறது. தொட்டவர்களில் பலரும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் தடுக்கி விழுந்து, இது நம்ப முடியாத சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த இடம் மாஸ்க். அதற்குப் போவதற்கு முன் அடித்தளத்தைச் சரியாகப் போட்டுக்கொள்வோம்.

ஒன்பது பிட்டுகள்

யூனிக்ஸ் குடும்பத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், ஒரு குழு. இவர்கள் இருவரிலும் சேராதவர்கள் மற்றவர். இந்த மூன்று வகுப்பினருக்கும் மூன்று அனுமதிகள்: ஆர் என்றால் படித்தல், மதிப்பு 4. டபிள்யூ என்றால் எழுதுதல், மதிப்பு 2. எக்ஸ் என்றால் இயக்குதல், மதிப்பு 1. 750 என்றால் உரிமையாளருக்கு மூன்றும், குழுவுக்குப் படித்தலும் இயக்குதலும், மற்றவருக்கு ஒன்றுமில்லை.

ஃபோல்டருக்கு வரும்போது இதே எழுத்துகளுக்குப் பொருள் மாறுகிறது. ஃபோல்டரில் ஆர் இருந்தால் உள்ளே இருக்கும் பெயர்களைப் பட்டியலிடலாம். டபிள்யூ இருந்தால் உள்ளே புதுப் பெயர் சேர்க்கலாம், இருப்பதை அழிக்கலாம், பெயர் மாற்றலாம்; இதற்கு எக்ஸும் கூட இருக்க வேண்டும். எக்ஸ் மட்டும் இருந்தால் அந்த ஃபோல்டரைக் கடந்து உள்ளே போகலாம், ஆனால் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுக்க முடியாது.

இதிலிருந்து இரண்டு விளைவுகள். ஒன்று, ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பின்மேல் எந்த அனுமதியும் தேவையில்லை. அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் அனுமதியும் எக்ஸும் போதும். எழுத முடியாதபடி பூட்டிய கோப்பு எப்படிக் காணாமல் போனது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். இரண்டு, ஒரு கோப்பை எட்டுவதற்கு அதன் பாதையில் வரும் ஒவ்வொரு ஃபோல்டரிலும் எக்ஸ் வேண்டும். தெருக்கதவு பூட்டியிருந்தால் உள்ளறையைத் திறந்து வைத்து என்ன பயன்? உபுண்டுவில் 403 வந்தது இதனால்தான். தளக் கோப்புகள் எல்லாருக்கும் படிக்கத் திறந்தே இருந்தன; மேலே இருந்த ஹோம் ஃபோல்டர் மற்றவருக்கு மூடிக்கொண்டது. நேம்ஐ என்ற கட்டளையை எல் என்ற விருப்பத்தோடு ஒரு பாதைக்கு ஓட்டினால், வழியில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரின் அனுமதியையும் வரிசையாகக் காட்டும். எந்தக் கதவு மூடியிருக்கிறது என்று கண்டுபிடிக்க இதைவிட விரைவான வழி இல்லை.

குழுவை மட்டும் வைத்து எவ்வளவு தூரம் போகலாம்?

ஓர் அலுவலக சர்வரில் கணக்கு என்று ஒரு ஃபோல்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கர் குழுவில் உள்ளவர்கள் படிக்கவும் எழுதவும் வேண்டும். 770 போட்டு, குழுவைக் கணக்கர் என்று மாற்றினால் வேலை முடிந்தது. அடுத்து, தணிக்கைக்கு வருபவர் படிக்க மட்டும் வேண்டும். இங்கேயே ஒன்பது பிட்டுகள் தீர்ந்துவிடுகின்றன. கோப்புக்கு ஒரே ஒரு குழுதான். அந்த இடம் நிரம்பிவிட்டது. மிச்சமிருப்பது மற்றவர் என்ற வகுப்பு. அதைத் திறந்தால் எல்லாருக்கும் திறந்ததாகிவிடும்.

தேவைக்கொரு குழு உருவாக்கிச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஆனால் குழு உருவாக்க ரூட், அதாவது தலைமை நிர்வாகி, உரிமை வேண்டும். ஒருவரைக் குழுவில் சேர்த்தாலும், அவர் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் செஷனில் அது தெரியாது. மறுபடி லாக்-இன் செய்ய வேண்டும். நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ்ஸில், பயனரை அடையாளம் காட்டும் வழக்கமான ஆத்-சிஸ் முறை ஒருவருக்கு 16 குழுக்களை மட்டுமே சுமந்து போகும். அதற்கு மேல் போனால், குழுவில் இருந்தும் அனுமதி மறுக்கப்படும் விசித்திரம் நேரும். இத்தனைக்குப் பிறகும் ஒரு குழு எழுத, இன்னொரு குழு படிக்க மட்டும் என்ற எளிய தேவையை ஒன்பது பிட்டுகளால் சொல்லவே முடியாது.

யூனிக்ஸுக்கு முந்திய மல்டிக்ஸ் இயங்குதளம் 1960-களிலேயே கோப்புகளுக்கு அணுகல் பட்டியல் வைத்திருந்தது. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸை எழுதியவர்கள் எளிமைக்காக அதைச் சுருக்கினார்கள். பிறகு வந்த யூனிக்ஸ் நிறுவனங்கள் ஆளுக்கொரு விதமாக அதைத் திரும்பச் சேர்த்தன. அவற்றை ஒழுங்குபடுத்த பாசிக்ஸ் 1003.1இ என்ற பொதுத் தரநிலைக்கான வரைவு எழுதப்பட்டது. 17-ஆவது வரைவோடு அந்த முயற்சி கைவிடப்பட்டது. நிறைவேறாத அந்த வரைவைத்தான் லினக்ஸ் பின்பற்றுகிறது. ஆண்ட்ரியாஸ் க்ரூன்பாக்கர் முன்னின்று செய்த வேலை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் சேர்ந்து, 2003 டிசம்பரில் வந்த 2.6 பதிப்போடு எல்லாருக்கும் கிடைத்தது.

பட்டியலில் இருப்பவை

கணக்கு ஃபோல்டருக்குத் தணிக்கை என்ற பயனரைப் படிக்க மட்டும் சேர்க்க வேண்டுமானால், கட்டளையின் வடிவம் இப்படி இருக்கும். ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலியில் தந்திருக்கிறேன்:

செட்எஃப்ஏசிஎல் -எம் யூ:தணிக்கை:ஆர்எக்ஸ் கணக்கு

எம் என்றால் மாற்று அல்லது சேர். யூ என்றால் பயனர். அந்த இடத்தில் ஜி போட்டால் குழு. இதேபோல் பயிற்சி என்ற குழுவையும் சேர்த்துவிட்டு, கெட்எஃப்ஏசிஎல் கட்டளையால் பார்த்தால் கிடைப்பதன் சாரம்:

உரிமையாளர்: படி, எழுது, நுழை
பயனர் தணிக்கை: படி, நுழை
சொந்தக் குழு கணக்கர்: படி, எழுது, நுழை
குழு பயிற்சி: படி, நுழை
மாஸ்க்: படி, எழுது, நுழை
மற்றவர்: எதுவுமில்லை

பழைய மூன்று வகுப்புகளும் அப்படியே இருக்கின்றன. புதிதாக வந்தவை மூன்று வகை: பெயர் சொல்லிச் சேர்த்த பயனர், பெயர் சொல்லிச் சேர்த்த குழு, மாஸ்க். நாம் கேட்காமலேயே மாஸ்க் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை எல் விருப்பத்தோடு கொடுத்தால் அனுமதி வரிசையின் கடைசியில் ஒரு கூட்டல் குறி தெரியும். இங்கே ஒன்பது பிட்டுகளுக்கு மேல் விஷயம் இருக்கிறது என்பதற்கான ஒரே அடையாளம் அதுதான்.

ஏசிஎல் போட்டதே இல்லை என்று நினைப்பவர் தம் லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஒலிச் சாதனங்கள் இருக்கும் டெவ் ஃபோல்டரின் எஸ்என்டி பகுதியைப் பார்க்கலாம். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி வைத்திருக்கும் மெஷின்களில் அங்கே கூட்டல் குறி நிற்கும். யார் இப்போது திரைக்கு முன் லாக்-இன் செய்திருக்கிறாரோ அவர் பெயரைச் சாதனங்களின் ஏசிஎல்லில் சேர்ப்பதும், அவர் போனதும் எடுப்பதும் லாகின்டி சேவையின் வேலை. உபுண்டுவில் யூஎஸ்பி டிரைவ் செருகியதும் மீடியா ஃபோல்டரில் நம் பெயரில் உருவாகும் ஃபோல்டருக்கும் ரூட்தான் உரிமையாளர். நாம் உள்ளே போக முடிவது ஏசிஎல்லால்.

கெர்னல் எந்த வரிசையில் பார்க்கிறது

பல பதிவுகள் ஒருவருக்குப் பொருந்தும்போது எது செல்லும்? எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்பதில்லை. வரிசை இது:

1. கேட்பவர் உரிமையாளரா? ஆம் என்றால் உரிமையாளர் பதிவு மட்டுமே முடிவு செய்யும். மாஸ்க் இவரைத் தொடாது.

2. இல்லையென்றால், அவர் பெயரில் தனிப் பதிவு இருக்கிறதா? இருந்தால் அதுவே முடிவு. மாஸ்க் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும்.

3. இல்லையென்றால், சொந்தக் குழு உட்பட அவர் இருக்கும் ஏதாவது ஒரு குழுவுக்குப் பதிவு இருக்கிறதா? பொருந்தும் குழுக்களில் ஏதாவது ஒன்று, கேட்ட அனுமதி முழுவதையும் தந்தால் சரி. இங்கும் மாஸ்க் உண்டு. குழு பொருந்தியும் எதுவும் தராவிட்டால் மறுப்புதான். மற்றவர் பதிவுக்கு இறங்கிப் போகாது.

4. எதுவுமே பொருந்தாவிட்டால் மற்றவர் பதிவு. மாஸ்க் இதையும் தொடாது.

இந்த வரிசைக்குள் சில நுட்பங்கள் இருக்கின்றன. லினக்ஸ் ஏசிஎல்லில் தடை என்று தனி வகைப் பதிவு கிடையாது. ஆனால் கணக்கர் குழுவில் இருக்கும் ஒருவரை மட்டும் ஒரு கோப்பிலிருந்து விலக்கி வைக்க, அவர் பெயரில் வெறும் பதிவு, அதாவது எந்த அனுமதியும் இல்லாத பதிவு, ஒன்றைச் சேர்த்தால் போதும். இரண்டாம் படியிலேயே அவர் நின்றுவிடுவார். குழுவின் தாராளம் அவருக்கு எட்டாது. குழுவை வைத்து இதே வித்தையைச் செய்ய முடியாது. ஒரு குழுவுக்கு வெறும் பதிவு இருந்தாலும், அந்த ஆள் இருக்கும் இன்னொரு குழுவுக்கு அனுமதி இருந்தால் அவர் உள்ளே போய்விடுவார்.

இன்னொன்று. ஒரு குழு வழியாகப் படிக்கவும் வேறொரு குழு வழியாக எழுதவும் உரிமை உள்ளவர், கோப்பைப் படிக்க மட்டும் திறந்தால் திறக்கும்; எழுத மட்டும் திறந்தாலும் திறக்கும். இரண்டுக்கும் சேர்த்துத் திறக்கக் கேட்டால் மறுக்கப்படும், ஏனென்றால் எந்த ஒரு பதிவிலும் இரண்டும் சேர்ந்து இல்லை. அபூர்வமாக வரும் சிக்கல்தான்; வந்தால் மணிக்கணக்கில் குழப்பும்.

மாஸ்க்

பெயர் சொல்லிச் சேர்த்த பயனர்கள், சொந்தக் குழு, பெயர் சொல்லிச் சேர்த்த குழுக்கள் ஆகிய எல்லாருக்கும் சேர்த்து ஒரே உச்சவரம்பு. அதுதான் மாஸ்க். ஒரு பதிவில் என்ன எழுதியிருந்தாலும், மாஸ்க்கில் இல்லாதது கிடைக்காது.

இதுவரை சிக்கலில்லை. சிக்கல் எங்கே என்றால், ஏசிஎல் வந்தபின் எல்எஸ் நடுவில் காட்டும் மூன்று எழுத்துகள் குழுவின் அனுமதி அல்ல, மாஸ்க்கின் அனுமதி. 750 போன்ற எண்களால் அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளை குழுவுக்கென்று மாற்றும் இலக்கமும் அப்போது குழுவை மாற்றுவதில்லை, மாஸ்க்கை மாற்றுகிறது. ஏசிஎல் பற்றி வரும் பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர் இந்த ஒரே இடமாற்றம்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மீதியெல்லாம் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கக்கூடியவை.

700 அனுமதி உள்ள ஒரு ஹோம் ஃபோல்டரை எடுத்துக்கொள்வோம். வெப் சர்வர் கணக்குக்கு எக்ஸ் மட்டும் ஏசிஎல்லில் தருகிறோம். குழுவின் பதிவு வெறுமை, வெப் சர்வரின் பதிவு எக்ஸ். இரண்டையும் சேர்த்து மாஸ்க் எக்ஸ் ஆகிறது. இப்போது எல்எஸ் காட்டுவது 710-க்கு உரிய எழுத்துகள், கடைசியில் கூட்டல் குறி. பார்ப்பவர் என்ன நினைப்பார்? குழுவுக்கு யாரோ நுழைய அனுமதி தந்துவிட்டார்கள் என்று. உண்மையில் குழுவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. கெட்எஃப்ஏசிஎல்லைக் கேட்டால் குழுவின் வரி வெறுமையாகவே இருக்கும்.

இதைப் பார்த்துப் பதறிய நிர்வாகி 700 என்று திரும்பப் போடுகிறார். அந்தக் கணமே மாஸ்க் வெறுமையாகிறது. தளம் மறுபடி 403. வெப் சர்வரின் பதிவு பட்டியலில் அழியாமல் அப்படியேதான் இருக்கிறது. அதன் பக்கத்தில், இப்போது செல்லுபடியாகும் அனுமதி எதுவுமில்லை என்ற குறிப்பு சேர்ந்திருக்கும். நேற்று ஓடியது, ஏசிஎல்லும் போட்டபடியே இருக்கிறது, இன்று ஏன் ஓடவில்லை என்று கேட்பவர் அந்தப் பக்கக் குறிப்பைப் பார்க்காதவர்.

எதிர்த்திசையில் நடப்பது இதைவிட ஆபத்து. கணக்கு ஃபோல்டருக்குத் திரும்புவோம். ஆண்டு முடிந்து கணக்கை மூடிவிட்டார்கள். இனி கணக்கர் குழு எழுதக் கூடாது. நிர்வாகி 750 போடுகிறார். எழுத முடியவில்லை என்று சோதித்தும் பார்த்துவிட்டார். ஆனால் குறுகியது மாஸ்க் மட்டும்தான். கணக்கர் பதிவில் எழுதும் அனுமதி அப்படியே தூங்குகிறது. சில மாதம் கழித்து வேறொருவர், வேறொரு பயனரைப் படிக்க மட்டும் செட்எஃப்ஏசிஎல் கொண்டு சேர்க்கிறார். நாம் தடுக்காவிட்டால், செட்எஃப்ஏசிஎல் ஒவ்வொரு முறையும் மாஸ்க்குக்குக் கட்டுப்பட்ட எல்லாப் பதிவுகளையும் கூட்டி மாஸ்க்கைப் புதிதாகக் கணக்கிடும். மாஸ்க் மறுபடி படி, எழுது, நுழை என்று முழுமையாகிறது. கணக்கர் குழுவின் எழுதும் உரிமை சத்தமில்லாமல் திரும்பிவிட்டது. படிக்க மட்டும் ஒருவரைச் சேர்த்தவருக்கு, தாம் ஒரு குழு முழுவதற்கும் எழுதும் உரிமை தந்துவிட்டோம் என்று தெரியவே தெரியாது.

ஆகவே ஏசிஎல் உள்ள இடத்தில் சிஎச்மாட் போட்டுக் குழுவின் அனுமதியைக் குறைக்காதீர்கள். செட்எஃப்ஏசிஎல்லிலேயே ஜி என்று சொல்லி, குழுவின் பெயரைக் காலியாக விட்டால் சொந்தக் குழுவின் பதிவையே திருத்தலாம். மாஸ்க் மாறக் கூடாது என்றால் என் என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டும்.

இப்படிக் குழுவின் இடத்தில் மாஸ்க்கை ஏன் வைத்தார்கள்? காரணம் வலுவானது. ஏசிஎல் என்றால் என்னவென்றே தெரியாத ஆயிரக்கணக்கான பழைய நிரல்கள் ஒன்பது பிட்டுகளை மட்டும் பார்த்து முடிவெடுக்கின்றன. ஒரு நிரல் தன் கோப்பை 600 என்று பூட்டினால், உரிமையாளரைத் தவிர யாரும் தொடக் கூடாது என்று பொருள். நடு இலக்கம் மாஸ்க்காக இருப்பதால், பட்டியலில் எத்தனை பேர் இருந்தாலும் அந்த ஒரு கட்டளையில் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். எங்கேயோ ஓர் ஓட்டை திறந்தே இருப்பதைவிட, தேவைக்கு அதிகமாக மூடிக்கொள்வது மேல் என்ற பக்கம் சாய்ந்து எடுத்த முடிவு. குழப்பம் தந்தாலும் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

தொலைவிலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக லாக்-இன் செய்ய உதவும் எஸ்எஸ்ஹெச் இதற்கு நல்ல உதாரணம். தனிச் சாவிக் கோப்புக்கு ஒரு பேக்கப் கணக்கை ஏசிஎல்லில் படிக்கச் சேர்த்தால், நடு இலக்கத்தில் படிக்கும் அனுமதி தெரிய ஆரம்பிக்கும். சாவியின் அனுமதி அளவுக்கு மீறித் திறந்திருக்கிறது என்று எஸ்எஸ்ஹெச் அதைப் பயன்படுத்த மறுத்துவிடும். ஹோம் ஃபோல்டரில் சக ஊழியர் ஒருவருக்கு எழுதும் உரிமையை ஏசிஎல்லில் தந்தாலோ, சர்வர் பக்கத்தில் சாவி வழி லாக்-இன் நின்றுபோகும். ஹோம் ஃபோல்டரில் குழுவுக்கு எழுதும் அனுமதி இருக்கிறதா என்று எஸ்எஸ்ஹெச் சர்வர் பார்க்கிறது. அதன் கண்ணுக்குத் தெரிவது மாஸ்க். காரணம் தெரியாவிட்டால், ஃபோல்டர் அனுமதிக்கும் லாக்-இன்னுக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றாது.

நாளை வரப்போகும் கோப்புகளுக்கு

இதுவரை பார்த்தது இருக்கும் கோப்புக்கான அனுமதி. ஒரு ஃபோல்டரில் இனி உருவாகும் கோப்புகளுக்கும் அதே அனுமதி வர வேண்டும் என்றால் டிஃபால்ட் ஏசிஎல் போட வேண்டும். செட்எஃப்ஏசிஎல்லில் டி என்ற விருப்பம் அதற்குத்தான். ஃபோல்டருக்கு மட்டுமே இது உண்டு. அந்த ஃபோல்டரை யார் திறக்கலாம் என்பதில் இதற்குப் பங்கே இல்லை. உள்ளே பிறக்கும் கோப்புகளுக்கும் துணை ஃபோல்டர்களுக்கும் அச்சு மட்டும். தணிக்கைக்கு டிஃபால்ட் மட்டும் போட்டுவிட்டு, அவரால் ஏன் நுழைய முடியவில்லை என்று தேடுபவர்கள் உண்டு. இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும்.

பிறக்கும்போது ஒரு முறை நகல் எடுப்பதோடு சரி. பிறகு மேல் ஃபோல்டரின் டிஃபால்ட்டை மாற்றினால் ஏற்கெனவே இருக்கும் கோப்புகள் மாறாது. வேறு இடத்திலிருந்து எம்வி கொண்டு நகர்த்திய கோப்பு, தன் பழைய அனுமதியோடுதான் வந்து சேரும். சிபி கொண்டு நகலெடுத்தால் புதுக் கோப்பு பிறக்கிறது, ஆகவே டிஃபால்ட் கிடைக்கும். சிபியில் பி விருப்பம் போட்டால் மூலக் கோப்பின் ஏசிஎல் கூடவே வந்து டிஃபால்ட்டை மீறிவிடும்.

புதுக் கோப்புகளின் அனுமதியில் சிலவற்றை வழக்கமாகக் கழிக்கும் யூமாஸ்க், டிஃபால்ட் உள்ள ஃபோல்டரில் செல்லாது. அதன் இடத்தில், கோப்பை உருவாக்கும் நிரல் கேட்கும் அனுமதி ஒரு வடிகட்டியாக நிற்கும். சாதாரணமாக நிரல்கள் 666 கேட்கும். அப்போது இயக்கும் அனுமதி மட்டும் கழிந்து மீதி கிடைக்கும். ஆனால் பல நிரல்கள் பாதுகாப்புக்காக 600 என்று ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி, எழுதி முடித்ததும் பெயர் மாற்றி உண்மையான கோப்பின் இடத்தில் வைக்கின்றன. 600 கேட்டதால் பிறக்கும்போதே மாஸ்க் வெறுமை. பட்டியலில் எல்லார் பெயரும் இருக்கும், யாருக்கும் எதுவும் கிடைக்காது. பகிர்ந்த ஃபோல்டரில் ஒரு குறிப்பிட்ட மென்பொருளில் சேமித்த கோப்பு மட்டும் மற்றவர்களுக்குத் திறக்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

ஒரு மரம் முழுவதற்கும் ஏசிஎல் போடும்போது எக்ஸை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தர வேண்டும். பெரிய எக்ஸ், ஃபோல்டர்களுக்கும் ஏற்கெனவே இயக்கக்கூடிய கோப்புகளுக்கும் மட்டும் அனுமதி தரும். சிறிய எக்ஸ் போட்டால் ஒவ்வோர் ஆவணமும் படமும் இயக்கக்கூடிய நிரலாகிவிடும்.

விண்டோஸ் வேறு மாதிரி

1993-இல் வந்த விண்டோஸ் என்டி தொடக்கத்திலிருந்தே முழு ஏசிஎல்லோடு வந்தது. அங்கே அனுமதி, தடை என இரண்டு வகைப் பதிவுகள் உண்டு. வரிசைக்கும் மதிப்பு உண்டு. அழித்தல், உரிமையைக் கைக்கொள்ளுதல், அனுமதியையே மாற்றுதல் போன்றவை தனித்தனி உரிமைகள். மேல் ஃபோல்டரில் செய்யும் மாற்றம் கீழே இருக்கும் பழைய கோப்புகளுக்கும் வழக்கமாகப் பரவும். என்எஃப்எஸ் நான்காம் பதிப்பும் மேக் கணினிகளும் இந்த வழியைச் சேர்ந்தவை. விண்டோஸில் பழகியவர் லினக்ஸில் தடைப் பதிவைத் தேடுவதும், டிஃபால்ட் பழைய கோப்புகளுக்கும் பரவும் என்று எதிர்பார்ப்பதும் இதனால்தான். விண்டோஸையும் லினக்ஸையும் சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வழியாக இணைக்கும்போது, ஒரு பக்கத்து நுணுக்கம் மறுபக்கத்தில் முழுதாகச் சொல்ல முடியாமல் போகலாம்.

பேக்கப்பில் தொலைவது

ஏசிஎல் கோப்பின் உள்ளடக்கத்தோடு சேர்ந்ததல்ல. ஃபைல் சிஸ்டம் கோப்போடு ஒட்டி வைக்கும் கூடுதல் பண்பு. அதனால் பயணத்தில் எளிதாக உதிர்ந்துவிடும். கோப்புகளை இன்னோர் இடத்துக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க்கில் எல்லாரும் போடும் சிறிய ஏ விருப்பம் ஏசிஎல்லை எடுக்காது. பெரிய ஏ-வைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கோப்புகளை ஒரே தொகுப்பாகக் கட்டும் டாரில் ஏசிஎல்ஸ் என்ற நீண்ட விருப்பம் தேவை. நிரல்களின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட், இயக்கும் பிட்டைத் தவிர வேறு அனுமதி எதையும் நினைவில் வைப்பதில்லை. யூஎஸ்பி டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் எக்ஸ்ஃபேட் ஃபைல் சிஸ்டத்தில் ஏசிஎல்லுக்கு இடமே கிடையாது. சர்வரை மாற்றிய மறுநாள் அனுமதிகள் எல்லாம் கலைந்திருப்பது பெரும்பாலும் இப்படித்தான் நேர்கிறது.

எளிய காப்பு ஒன்று உண்டு. கெட்எஃப்ஏசிஎல்லைப் பெரிய ஆர் விருப்பத்தோடு ஓட்டினால் ஒரு மரம் முழுவதன் பட்டியலும் சாதாரண எழுத்துக் கோப்பாகக் கிடைக்கும். அதைச் செட்எஃப்ஏசிஎல்லின் ரீஸ்டோர் விருப்பத்துக்குக் கொடுத்தால் எல்லாம் பழையபடி வரும். பாதையின் முதல் சாய்கோட்டைக் கெட்எஃப்ஏசிஎல் நீக்கிவிடுவதால், முழுப் பாதை கொடுத்து எடுத்த பட்டியலை ரூட் ஃபோல்டரிலிருந்துதான் மீட்க வேண்டும். பெரிய மாற்றம் எதற்கும் முன்பு இந்த ஒரு கோப்பை எடுத்து வைப்பது மிக மலிவான முன்னெச்சரிக்கை.

எதற்கு ஏசிஎல், எதற்குக் குழு

நிலையான ஏற்பாட்டுக்குக் குழுவும், விலக்குக்கு ஏசிஎல்லும் என்று பிரித்துக்கொள்வதை நான் வலியுறுத்துவேன். கணக்குப் பிரிவில் யார் சேர்ந்தாலும் விலகினாலும் குழுவில் ஒரு மாற்றத்தோடு முடிய வேண்டும். ஏசிஎல்லில் தனிநபர் பெயர்களாகச் சேர்த்துக்கொண்டே போனால், ஒருவர் விலகும்போது லட்சக்கணக்கான கோப்புகளில் அவர் பெயரைத் தேட வேண்டியிருக்கும். ஏசிஎல்லிலும் இயன்றவரை குழுப் பெயரையே சேர்ப்பது நல்லது.

தொடக்கத்தில் பார்த்த 403-க்கு வருவோம். ஹோம் ஃபோல்டரில் வெப் சர்வர் கணக்குக்கு எக்ஸ் மட்டும் தந்தால் தளம் ஓடும். ஆனால் வெப் சர்வர் கதவைக் கடந்துவிட்டபின், உள்ளே மற்றவருக்குப் படிக்கத் திறந்திருக்கும் எந்தக் கோப்பையும், அதன் பாதை தெரிந்தால் எடுத்துவிடலாம். சோதனை மெஷினில் இது போதும். உண்மையான தளம் என்றால் கோப்புகளை வார் அல்லது எஸ்ஆர்வி ஃபோல்டருக்குக் கீழே நகர்த்தி, எழுதும் உரிமையை அங்கே ஏசிஎல்லில் உங்கள் கணக்குக்குத் தருவதே சரியான ஏற்பாடு. ஹோம் ஃபோல்டர் மூடியே இருக்கும்.

ஒருவரின் கணக்கை நீக்கும்போது இன்னொரு வேலையும் இருக்கிறது. ஏசிஎல் சேமித்து வைப்பது பெயரை அல்ல, பயனர் எண்ணை. கணக்கை நீக்கினாலும் எண் பட்டியல்களில் அப்படியே கிடக்கும். பெயர் இருந்த இடத்தில் வெறும் 1007 போன்ற எண் தெரியும். பிறகு புதிதாகச் சேரும் ஒருவருக்கு அதே எண் ஒதுக்கப்பட்டால், போனவரின் அனுமதி அத்தனையும் முதல் நாளே வந்தவருக்குச் சேர்ந்துவிடும். கெட்எஃப்ஏசிஎல்லைப் பெரிய ஆரோடு சிறிய எஸ் விருப்பத்தையும் சேர்த்து ஓட்டினால், அடிப்படை அனுமதிகள் மட்டும் உள்ள கோப்புகளை விட்டுவிட்டு ஏசிஎல் உள்ளவற்றை மட்டும் காட்டும். அதில் பெயரில்லாத எண்களைத் தேடி, செட்எஃப்ஏசிஎல்லின் சிறிய எக்ஸ் விருப்பத்தால் அந்தப் பதிவுகளை எடுத்துவிட்டுத்தான் அந்த எண்ணை மறுபடி யாருக்கும் கொடுக்க வேண்டும்.